எல்200இல் கூடுதல் இழுவை: வன்னி வெயிலில் ஒரு டர்போ டீசல் வேலை

எங்கள் வீட்டு வாகனம் மிட்சுபிஷி எல்200 டபுள் கப், அதாவது இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் பாரப் பெட்டியும் உள்ள பிக்கப். எஞ்சின் 4டி56 டர்போ, அதாவது வெளியேறும் புகையால் ஒரு சில்லைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற வகை: 2477 சிசி, நாலு சிலிண்டர், அந்தக் காற்றைக் குளிர்த்துகிற இன்டர்கூலர் இல்லாத பழைய வகை. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். கணினி, சென்சர் என்ற தொல்லை ஒன்றும் இல்லை. வட்டக்கச்சியில் காலபோக அறுவடை தொடங்கினால் நெல் மூடை, மற்ற நாட்களில் உரம், மரக்கறி, கலியாண வீட்டுக் கதிரை என்று எதுவும் ஏறும். பதினைந்து மூடை ஏற்றினால் ஒரு தொன் கணக்கு வரும். அந்தப் பாரத்தோடு ஏ9 நெடுஞ்சாலையில் ஏறினால் முன்னால் போகிற பஸ்ஸை முந்துவதற்கு மாங்குளம் வரை யோசிக்க வேண்டியிருக்கும். அத்தானுக்குப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒரே முறைப்பாடுதான்: "இழுவை காணாது."

இழுவை காணாது என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் உடனே கிடைக்கிற ஆலோசனை, "பம்பைக் கொஞ்சம் திருப்பி விடுங்கோ" என்பது. டீசல் கூட்டுகிற ஸ்குரூவைத் திருப்பினால் அந்த நிமிடமே வித்தியாசம் தெரியும், உண்மைதான். கூடவே கரும்புகையும் வரும். 4டி56இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடேறினால் இரண்டு வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு விழும். பிறகு ரேடியேற்றர் தண்ணீர் காரணமில்லாமல் குறையத் தொடங்கும். இந்த நோயோடு மர நிழலில் நிற்கிற டபுள் கப்புகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அதனால் நாங்கள் தலைகீழாகப் போனோம். முதலில் அளப்பது, பிறகு காற்று, டீசல் ஸ்குரூ கடைசி.

வேலைக்குக் கூட நின்றவர் கிளிநொச்சியில் எங்கள் வாகனத்தை வழமையாகப் பார்க்கிற மெக்கானிக் அண்ணை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்த தலைமுறை. மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் மாதிரியான கார்களுக்குக் கொம்பிரஷன் குறைவு. துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் முக்கி முனகியாவது போகும். அந்தக் காலத்துப் பழக்கத்தால் அண்ணைக்கு எஞ்சினின் சத்தமும் மணமும் போதும், வருத்தம் பிடிபட்டுவிடும். கேஜ் பூட்டுவோம் என்றதும் சிரித்தார். "பூட்டு தம்பி, பூட்டு. நான் சொல்லுறதை அது சரியெண்டு சொல்லும்."

மூன்று கேஜ் பூட்டினோம். டர்போ தருகிற அழுத்தத்துக்கு ஒரு பூஸ்ட் கேஜ். காற்று சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகிற இன்டேக் மெனிஃபோல்டில் காற்றின் சூட்டைக் காட்ட ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம்: டர்போவுக்குள் நுழையும் முன்பே புகையின் சூட்டை அளக்கிற கே ரகத் தெர்மோகப்பிள். இதற்குச் சிலிண்டர்களின் புகை வந்து சேருகிற எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டைத் துளைத்து மரை வெட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டபடியே துளைத்தால் புகை இரும்புத் தூளை வெளியே தள்ளிவிடும் என்று செய்கிறவர்கள் உண்டு. டர்போவின் சில்லு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான். அதன் வாசலில் இரும்புத் தூளை விட எனக்கு மனம் வரவில்லை. மெனிஃபோல்டைக் கழற்றினோம். கழற்றியதும் நல்லதாய்ப் போயிற்று. ஹெட்டுக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவில் இருந்த காஸ்கட்டில், மூன்றாவது சிலிண்டர் பக்கம், விரல் அகலத்துக்குக் கரி பூசியிருந்தது. டர்போவைச் சுற்ற வேண்டிய புகை அந்த வழியால் சும்மா போய்க்கொண்டிருந்திருக்கிறது. டர்போ சுற்றுவது அந்தப் புகையின் சூட்டிலும் அழுத்தத்திலும்தான். அதற்கு முன்னால் ஒழுகினால் பூஸ்ட் பிந்தித்தான் வரும்.

வன்னியில் இழுவையைச் சோதிக்க மலை கிடையாது. நாங்கள் பிடித்த வழி இதுதான்: அதே பதினைந்து மூடை, விடியற்காலை, வெறிச்சோடிய நேரான துண்டு, மூன்றாம் கியர், கால் முழுக்க அமுக்கி மணிக்கு 30இலிருந்து 70 கிலோமீற்றர் வரை. பக்கத்தில் இருப்பவர் வேகமானியைப் போனில் படம் பிடிப்பார். பிறகு படத்தைப் பார்த்துச் செக்கன் எண்ணுவது. சோளகக் காற்று ஒரு பக்கம் தள்ளும், மறு பக்கம் மறிக்கும் என்பதால் போகவும் வரவும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும். 70க்கு மேல் போகத் தேவையும் இல்லை, சட்டமும் விடாது.

தொடக்கத்தில் 20 செக்கன். பூஸ்ட் கேஜின் முள் 0.35 பாரைத் தாண்டவில்லை. இந்த எஞ்சினில் பம்பைத் தொடாமலே 0.6 பார் அளவில் வர வேண்டும். அதாவது, கூடுதல் இழுவை தேடி வந்த எங்களுக்கு இருக்க வேண்டிய இழுவையே இருக்கவில்லை.

லீக் தேடும் கருவியை வீட்டிலேயே செய்யலாம். பிவிசி குழாய்க்கு அடிக்கிற மூடி ஒன்று, டர்போவின் காற்று வாய் அளவுக்கு. நடுவில் துளை போட்டு ரியூப் இல்லாத ரயரின் வால்வு ஒன்றை இறுக்க வேண்டும். ஏயர் பில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, டர்போ வாயில் இந்த மூடியைப் பொருத்திக் கிளிப் போட்டு, ரயர்க் கடைக் காற்றை மெல்ல விடுவது. 0.7 பாருக்கு மேல் விடக் கூடாது. டர்போவின் ஒயில் சீல் அதற்கு மேல் தாங்க வேண்டிய தேவையில்லை. பிறகு சவர்க்காரத் தண்ணீரை எல்லா மூட்டிலும் ஊற்றினால் நுரை இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

டர்போவிலிருந்து மெனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கீழ்ப்பக்கம், கிளிப்புக்குச் சரியாக அடியில், நீளமாக ஒரு வெடிப்பு. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. எஞ்சின் ஓடாதபோது வாயை மூடிக்கொண்டு இருக்கும், அழுத்தம் வந்தால் திறக்கும். அதைவிடச் சின்ன லீக் ஒன்றுதான் பெரிய வில்லன். பம்பின் தலையில் ஒரு தட்டையான மூடி இருக்கும். மெனிஃபோல்டிலிருந்து விரல் தடிப்பு ஹோஸ் ஒன்று அதற்குள் போகும். பூஸ்ட் ஏறும்போது அந்த ஹோஸ் வழியாக அழுத்தம் போய் உள்ளே இருக்கும் டயஃப்ரத்தை அமுக்கும். அது அமுங்கினால்தான் பம்ப் "காற்றுக் கூட வந்துவிட்டது, டீசலைக் கூட்டலாம்" என்று விடும். அந்த ஹோஸ் சூட்டில் காய்ந்து, நுனியில் பிளந்திருந்தது. டர்போ காற்றைத் தள்ளினாலும் பம்புக்குத் தகவல் போகவில்லை. வாகனம் டர்போ இல்லாத வாகனம் மாதிரியே டீசல் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. புது ஹோஸ் ஒரு முழம், சில நூறு ரூபாய்.

ஏயர் பில்டரைத் தட்டினால் செம்மண் கொட்டியது. இரணைமடுப் பக்கத்துக் கிரவல் றோட்டில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் போனால் போதும், புதுப் பில்டரும் நிறம் மாறிவிடும். ஊதித் துப்புரவு செய்து திரும்பப் போடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. உள்ளிருந்து அழுத்திக் காற்று அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதற்குள்ளால் போகும் மண் டர்போவின் அலுமினியச் சிறகை அராவும். புதுசு போட்டோம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் நல்லெண்ணத்தோடு, மாசி ஃபெர்குசன் 240 டிராக்டரின் மேல் நின்று, காற்று பில்டருக்குப் போகும் முன்பே தூசைப் பிரிக்கிற கிண்ணத்தைக் கொண்டுவந்து தந்தார். "டிராக்டரும் ரெண்டரை லீற்றர், உன்ர வாகனமும் ரெண்டரை லீற்றர். அளவு சரிதானே." அளவு சரி, மூச்சு சரியில்லை. 240இல் இருக்கும் பெர்கின்ஸ் எஞ்சின் உச்சமாக நிமிடத்துக்கு 2250 சுற்று, டர்போ இல்லை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவை இழுக்கும். அந்தக் கணக்கில் அதற்கு நிமிடத்துக்கு 2800 லீற்றர் காற்று. எங்களுடையது 4000 சுற்றில் கிட்டத்தட்ட 5000 லீற்றர் கொள்ளும், அதையும் டர்போ அமுக்கித் திணிப்பதால் வெளியிலிருந்து இழுப்பது டிராக்டரின் மூன்று மடங்குக்குக் கிட்ட வரும். அந்தக் கிண்ணத்தைப் பூட்டினால் எஞ்சினுக்கு மூக்கைப் பொத்தினது போல ஆகியிருக்கும். லொறி ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய கிண்ணம் பிறகு அகப்பட்டது. அதை மட்காட்டுக்கு மேலால் உயர்த்திப் பூட்டியதால், பொனற்றுக்குள் வேகிற காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றே உள்ளே போகிறது.

மெனிஃபோல்ட் காஸ்கட், இரண்டு ஹோஸ், பில்டர். இவ்வளவுதான் மாற்றினோம். முள் 0.6 பாரில் வந்து நின்றது. 20 செக்கன் 16 ஆனது. கிட்டத்தட்ட அரைவாசி வேலை இங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன். ஆனால் மூன்றாவது கேஜ் இப்போது வேறு கதை சொன்னது. பாரத்தோடு ஏ9இல் நீளமாக இழுத்தபோது புகைச் சூடு 680 பாகை வரை ஏறியது. அலுமினிய ஹெட்டுக்கு நான் வைத்திருக்கிற எல்லைக் கோடு 700. அதுவும் ஒரு சில செக்கனுக்குத்தான். அப்படியென்றால், டீசல் கூட்ட இடமில்லை.

டீசல் எஞ்சினில் இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பெற்றோல் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் ஒரு விகிதத்தில் சேர்ந்தே போகும். டீசலில் காற்றை மறிக்கிற தட்டு இல்லை. எவ்வளவு காற்று வந்தாலும் உள்ளே போகும், இழுவையைத் தீர்மானிப்பது டீசலின் அளவு. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய 14.5 கிலோ அளவில் காற்று வேண்டும். ஆனால் தெளிக்கிற டீசல் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேராததால், 18 அல்லது 20 கிலோவுக்குக் கீழே போகும்போதே புகை கறுக்கத் தொடங்கும், சூடும் தாறுமாறாக ஏறும். காற்றைக் கூட்டினால் மட்டும் வாகனம் பறக்காது. டீசல் கூட்டுவதற்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, இடம் உண்டாக்க வேண்டும். அதற்கு இன்டர்கூலர்.

டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகும். 34 பாகை வெயிலில் 0.85 பார் அமுக்கினால், டர்போவின் திறன் 65 வீதம் என்று வைத்தாலும் வெளியே வருகிற காற்று 125 பாகையைத் தொடும். சூடான காற்று ஐதானது. நாங்கள் அமுக்கிக் கொடுத்ததில் ஒரு பங்கைச் சூடு திருப்பி எடுத்துக்கொள்கிறது. அதையே 60 பாகைக்குக் குளிர்த்தினால் அதே அழுத்தத்தில் கிட்டத்தட்ட 20 வீதம் கூடுதல் காற்று நிற்கும். குளிர் நாட்டில் 15 பாகையில் அளந்தால் வருகிற பவர்க் கணக்கு எங்கள் 36 பாகைப் பகலுக்குப் பொருந்தாததும் இதனால்தான். டர்போ தொடும் முன்பே 7 வீதம் காற்றுக் குறைவு.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகக் கடையொன்றில் 4டி56க்கே உரிய, எஞ்சின் மேலே படுக்கிற இன்டர்கூலர் எடுத்தோம். முன்னால் ரேடியேற்றருக்கு முன்பாக நிற்கிற பெரியது வாங்கு என்று பலர் சொன்னார்கள். அது நன்றாகக் குளிர்த்தும்தான். ஆனால் வயல் வரம்போரம் பாரத்தோடு ஊர்கிற வாகனத்துக்கு ரேடியேற்றர் காற்றை மறிப்பது என்பது ஹெட் வெடிப்புக்குப் பத்திரிகை அடிப்பது மாதிரி. மேலே படுப்பதில் குழாயும் குட்டை, பூஸ்டும் கெதியாக வரும். அதன் குறை எஞ்சின் சூடு. நின்ற இடத்தில் அதுவும் சேர்ந்து வேகும். ரயில் கடவையில் யாழ்தேவிக்குக் காத்து நின்றுவிட்டு வெளிக்கிடும்போது கேஜில் அது அப்படியே தெரிந்தது. ஆல்ட்டோ காரின் ஏசி பேன் ஒன்றைக் கீழே பூட்டி, றிலேயோடு சுவிட்ச் வைத்த பிறகு அந்தப் பிரச்சினை அடங்கியது.

பழைய இன்டர்கூலர் வாங்குபவர்களுக்கு ஒன்று. அது கழற்றப்பட்ட எஞ்சினின் டர்போ உடைந்துதான் செத்திருந்தால், அதன் துண்டுகள் இதற்குள் கிடக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, ஊற்றுவதைத் துணியில் வடித்துப் பாருங்கள். எங்களதில் ஒயில் மண்டிதான் வந்தது, உலோகம் இல்லை. பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு வெயிலில் முழு நாளும் காய விட்டோம். உள்ளே மண்ணெண்ணெய் மிச்சமிருந்தால் எஞ்சின் அதையும் எரிபொருளாக எடுத்துக்கொண்டு சொல்வழி கேட்காமல் றேஸ் ஏறும், அதாவது தானாகச் சுற்றுக் கூடும்.

பொனற் வெட்டுவதுதான் அத்தானுக்குக் கவலை. வெட்டாமல் முடியாது. காற்று வாயை டிங்கர் வேலைக்காரர் அழகாக ஒட்டித் தந்தார். வாய்க்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் ரப்பர் பட்டி கட்டாயம். இல்லையென்றால் வாயால் வருகிற காற்று இன்டர்கூலரின் சிறகுகளுக்குள் நுழையாமல் பக்கத்தால் ஓடிவிடும். நல்ல விலை கொடுத்து இன்டர்கூலர் போட்டவர்கள் இந்தப் பட்டியை விட்டுவிட்டு ஓடுவதைக் காண எரிச்சல் வரும்.

சைலன்சர்க் குழாயை இரண்டரை அங்குலத்துக்கு மாற்றினோம், டர்போவிலிருந்து பின்பக்கம் வரை. டர்போ உள்ள எஞ்சினில் டர்பைனுக்கு, அதாவது புகை சுற்றுகிற சில்லுக்கு, பின்னால் புகைக்குத் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. டர்பைனைச் சுற்றுவது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். குழாயை வளைக்கும்போது மடிப்பு விழாமல், துண்டு துண்டாக வெட்டி ஒட்டச் சொன்னோம். சைலன்சர் பெட்டி நேர்வழியானது, ஆனால் பெட்டி உண்டு. பெட்டியே இல்லாமல் அலறிக்கொண்டு ஓடுகிற இளைஞர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டர்போவே சத்தத்தைப் பாதி விழுங்கிவிடும், பெட்டியை எடுத்து மிச்சப்படுத்துகிற இழுவை மிகக் குறைவு.

பூஸ்டைக் கூட்டுவது அடுத்தது. டர்போவின் வேஸ்ட்கேட் ஒரு சின்னக் கதவு. அழுத்தம் குறித்த அளவுக்கு வந்ததும் அக்சுவேற்றர் அதைத் திறந்து புகையைப் பக்கத்தால் விடும். எங்கள் அக்சுவேற்றரின் கம்பிக்கு மரை இல்லை, நீட்டிக் குறைக்க முடியாது. கடைசல் பட்டறையில் பித்தளையில் ஒரு டீ மூட்டுச் செய்வித்து, அதன் பக்க வாயில் ஊசி அளவுத் துளையால் கொஞ்சக் காற்றைக் கசிய விட்டோம். அக்சுவேற்றர் உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தையே உணரும், கதவு பிந்தித் திறக்கும். மிகச் சிறிய துளையில் தொடங்கி, கேஜைப் பார்த்துப் பார்த்துப் பெருப்பித்தோம். 0.85 பாரில் நிறுத்தியாயிற்று. எங்களுடைய டிடி04 ரகம் சின்ன டர்போ. ஒரு பாருக்கு மேல் அதை வற்புறுத்தினால் வருவது காற்றைவிடச் சூடுதான் கூட. இந்த ஹோஸ் கழன்றால் அக்சுவேற்றருக்கு ஒன்றுமே தெரியாது, பூஸ்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும். அதனால் அதன் இரண்டு முனையிலும் கிளிப் போட்டுக் கம்பியும் சுற்றியிருக்கிறது.

இவ்வளவும் செய்து ஓடிப் பார்த்தால் 15 செக்கன். ஒரு செக்கன்தான் குறைந்திருந்தது. அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு காசைக் கொட்டி, பொனற்றையும் வெட்டி, ஒரு செக்கனோ?"

அண்ணை ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது கேஜைத் தட்டிக் காட்டினார். அதே நீள இழுவையில் முன்பு 680 காட்டியது இப்போது 560. மெனிஃபோல்டில் காற்று 62 பாகை. செலவழித்த காசுக்கு வாங்கியது அந்த 120 பாகைதான். இனி அதை டீசலாக மாற்ற வேண்டும்.

அதற்கு முன் இரண்டு வேலை. டைமிங் பெல்ட்டை மாற்றினோம், அதோடு உள்ளே ஓடுகிற, அதிர்வைக் குறைக்கிற பாலன்ஸ் ஷாஃப்ட்டின் சின்னப் பெல்ட்டையும். 4டி56இல் பலர் பெரியதை மாற்றிவிட்டுச் சின்னதை விட்டுவிடுவார்கள். சின்னது அறுந்தால் அதன் நார் பெரியதுக்குள் போய் அதையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு வால்வும் பிஸ்டனும் சந்தித்துக்கொள்ளும். அடுத்தது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நொசில்கள். வவுனியாவில் டீசல் பம்ப் வேலை செய்யும் இடத்தில் அழுத்தம் வைத்துப் பார்த்தபோது மூன்று நொசில் பூவாகத் தெளித்தது, ஒன்று சொட்டியது. சொட்டுகிற நொசிலோடு டீசலைக் கூட்டினால் அந்தப் பிஸ்டனின் தலையில் ஒரே இடத்தில் நெருப்பு விழும். நாலுக்கும் புது முனை போட்டோம்.

பம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ரோட்டரி பம்புக்குத் தனி ஒயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெய் கலந்த டீசல் விட்டால் உள்ளே உலோகம் உலோகத்தில் உரசும். 2022இல் கியூஆர் அட்டையும் கையுமாக வரிசையில் நின்ற காலத்தில், கான்களில் எங்கிருந்தோ வந்த டீசலை வாங்கி ஊற்றிய வாகனங்களின் பம்புகள் இன்னும் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. பம்ப் தேய்ந்திருந்தால் ஸ்குரூ திருப்பிப் பிரயோசனமில்லை.

இனித் திருப்பலாம். பம்பின் தலை மூடியில் நாலு ஸ்குரூ. மூடியைத் திறக்கும் முன்னும் டயஃப்ரத்தைத் தூக்கும் முன்னும் பெயின்ற் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பப் பழைய இடத்துக்கு வர அந்தப் புள்ளிதான் துணை. டயஃப்ரத்தின் அடியில் நீண்டிருக்கும் ஊசி கூம்பு வடிவம், அதுவும் மையம் விலகிச் செதுக்கியது. டயஃப்ரத்தோடு சேர்த்து அதைச் சுற்றினால் பூஸ்ட் ஏறும்போது எவ்வளவு டீசல் கூடும் என்பது மாறும். அதன் கீழே பற்கள் வைத்த ஒரு சில்லு. அது ஸ்பிரிங்கின் இறுக்கம், அதாவது எந்தப் பூஸ்டில் டீசல் கூடத் தொடங்கும் என்பது. முதலில் இவற்றை மட்டும் தொட்டோம். பூஸ்ட் இருக்கும்போது மட்டும் டீசல் கூடுவதால் புகை குறைவு.

ஊரில் எல்லாரும் திருப்பச் சொல்லுகிற ஃபுல் லோட் ஸ்குரூ பம்பின் பின்பக்கம், லொக் நட்டோடு. அது காற்று இருக்கிறதோ இல்லையோ எல்லா இடத்திலும் டீசலைக் கூட்டும். எட்டில் ஒரு சுற்று திருப்பி, ஓடி, கேஜ் பார்த்து, பிறகு அடுத்தது. இதைத் திருப்பும்போது ஐடிலும், அதாவது கால் வைக்காமல் எஞ்சின் சும்மா ஓடுகிற சுற்றும், கூடும், அதைத் தனியாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாகத் திருப்பினால் ஆக்சிலேற்றரை விட்ட பிறகும் றேஸ் இறங்காமல் நிற்கும். பாரத்தோடு பிறேக் பிடிக்கிற நேரத்தில் அது விளையாட்டில்லை.

கேஜ் நீள இழுவையில் 670ஐத் தொட்டதும் நிறுத்தினோம். அத்தான் இன்னும் அரைச் சுற்றுக் கேட்டார். "பின்னால கறுப்பா வாறது இழுவை இல்லைத் தம்பி, நீர் குடுத்த டீசல் காசு" என்று சொல்லிவிட்டு அண்ணை லொக் நட்டை இறுக்கினார். கால் அமுக்கும்போது ஒரு கணம் சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சு, பூஸ்ட் வந்ததும் துப்புரவு. வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் பிரச்சினை வரவில்லை.

12 செக்கன்.

கணக்கில் பிரியமுள்ளவர்களுக்கு: வாகனம், நெல், இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்த்து 2.7 தொன். அதை 30இலிருந்து 70க்கு ஏற்ற வேண்டிய சக்தி 417 கிலோஜூல் வரை. 20 செக்கனில் என்றால் சராசரி 21 கிலோவாட், 12 செக்கனில் 35. காற்றும் ரயரும் தின்பதைச் சேர்க்காத கணக்கு, எஞ்சினின் உச்ச பவரும் இதுவல்ல. ஆனால் பாரத்தோடு சில்லில் உணர்கிற இழுவை இதுதான்.

இழுவை கூடியதும் அடுத்த பலவீனம் தன்னைக் காட்டியது. நாலாம் கியரில் முழுக்க அமுக்கினால் றேஸ் ஏறும், வேகம் ஏறாது. கிளச் வழுக்கியது. பிளேட் பாதி தேய்ந்திருந்தது. பிறஷர் பிளேட்டோடு மாற்றினோம். பின் பிறேக் லைனிங்கையும் அப்போதே பார்த்துவிட்டோம். முந்துவது சுகமாக இருந்தால் மனிதன் முந்தத்தான் பார்ப்பான்.

ஓட்டுகிறவரின் பழக்கமும் மாற வேண்டியிருந்தது. முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் எங்கள் பக்கத்தில் இல்லை. பாரத்தோடு இழுத்துக்கொண்டு வந்து, பிள்ளையார் கோயிலடியில் படக்கென்று நிறுத்தி, திறப்பை எடுத்துவிட்டுத் தேங்காய் உடைக்கப் போவதுதான் வழமை. அந்த நேரம் டர்போ 500 பாகைக்கு மேல் கிடக்கும். எஞ்சின் நின்றால் ஒயில் ஓட்டமும் நிற்கும். டர்போவின் தண்டில் தேங்கிய ஒயில் அங்கேயே கரியாகும், கொஞ்ச நாளில் தண்டு இறுகும் அல்லது சீல் போகும். இப்போது கேஜ் 200க்குக் கீழே இறங்கும் வரை ஐடிலில் விடுகிறோம். கடைசி ஒரு கிலோமீற்றரைக் கால் தளர்த்தி வந்தால் ஒன்றிரண்டு நிமிடம் போதும்; ஒருவர் கச்சான் வாங்கிக்கொண்டு திரும்புகிற நேரம். ஒயிலும் 15டபிள்யூ-40, 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, தள்ளிப் போடுவதில்லை.

இதைப் பார்த்துவிட்டு, சுசுகி எவ்ரி டர்போ என்கிற சின்ன வான் வைத்திருக்கும் இருவர் தங்களுடையதற்கும் பூஸ்ட் கூட்டலாமா என்று கேட்டார்கள். அது முற்றிலும் வேறு மிருகம். கே6ஏ எஞ்சின் 658 சிசி பெற்றோல். ஜப்பானில் அந்தச் சின்ன வாகன வகுப்புக்குத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற 64 குதிரைவலு எல்லையோடு வந்தது. பெற்றோலில் பூஸ்ட் கூடினால் முதலில் வருகிற ஆபத்து தட்டல். தீப்பொறி பற்ற வைத்த பிறகு, நெருப்பு வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிப்பது. 92 ஒக்டேனில் பூஸ்டை ஏற்றினால் பிஸ்டன் வளையத்தின் விளிம்பு உடையும். டீசலில் எரிபொருள் குறைந்தால் எஞ்சின் குளிரும். டர்போ பெற்றோலில் பூஸ்டுக்குத் தக்க பெற்றோல் கிடைக்காவிட்டால் சூடேறும். அதனால் டீசல் பம்பில் நாங்கள் செய்ததைப் பார்த்து அங்கே எதையும் திருப்ப வேண்டாம். லீக் தேடுவது, பில்டர் மாற்றுவது, இன்டர்கூலரைக் கழுவுவது மட்டும் இரண்டுக்கும் பொது. அந்த இருவரில் ஒருவரின் வாகனத்தில் அதே பிவிசி மூடியால் பார்த்தபோது இன்டர்கூலர் ஹோஸ் ஒன்று கழன்றே கிடந்தது.

இப்போதைக்கு எங்கள் வாகனத்தின் நிலை: பூஸ்ட் 0.85, நீள இழுவையில் 670, மத்தியான வெயிலில் 685 வரை போகிறது. தண்ணீர்ச் சூடு முன்பைவிட ஒரு கோடு மேலே நிற்கிறது. ரேடியேற்றரின் குழாய்களில் பாதி உப்புப் பிடித்திருக்கும் என்று அண்ணைக்குச் சந்தேகம். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் வேறென்ன வரும். சிறுபோக அறுவடைக்கு முன் புதுக் கோர் போட்டு, கூலன்ட் விட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை பகல் பதினொரு மணிக்குப் பிறகு பதினைந்து மூடை ஏற்றுவதில்லை.